ஐயாயிரம் முதல் எட்டாயிரம் வரை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஆண்டவரின் பெயரால் வணக்கம். சாட்சி என்றால் கண்ணீரும் கம்பலையுமாக ஆரம்பிக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அந்த நாட்களில் கண்ணீரை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஆண்டவர் மேல் கோபம், என் மேல் கோபம், நம் ஜெபக்குழு மேலும் கோபம். அதை மறைத்துவிட்டு இனிமையாக எழுதினால் பொய் சொன்னதாகிவிடும். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 ஆகஸ்ட் மாதம். கல்கத்தா பெஹாலாவில் ட்ராம் ஓடும் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வாடகை வீடு எங்களுக்கு. ஒரு சாயங்காலம் என் கணவர் சாமுவேல் புதுப் பாஸ்போர்ட் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்.

"ஜெயா, துபாய்ல கப்பல் ரிப்பேர் வேலை. வெல்டர் வேணுமாம். துர்கா பூஜைக்கு முன்னாடி பாஸ்போர்ட்டக் குடுத்துரணும்னு ஏஜென்ட் சொல்லுதான். ரெண்டே வருஷம்தான்."

அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஆஸ்துமாக்காரர். டிசம்பர் மாதம் தெருவில் யாராவது கரியடுப்புப் பற்றவைத்தாலே போதும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பார். புகைப்பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனிதர் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி வெல்டிங் வைக்கப்போகிறாராம். அதுவும் துபாய் வெயிலில். போனால் முழுதாகத் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் வேறு வழி சொல்ல என் வாயில் வார்த்தை இல்லை. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை கேட்டைப் பூட்டி இரண்டு வருடமாகிவிட்டது. கொடி கட்டினார்கள், கோஷம் போட்டார்கள், பூட்டு மட்டும் திறக்கவில்லை. அங்கங்கே திறந்த வெளியில் கிரில் கேட் ஒட்டவைத்துக் கொஞ்சம் கொண்டுவருவார். மற்றதெல்லாம் என் சம்பளத்தில்தான் நடக்கவேண்டும். வாடகை, ஒன்பதாவது படிக்கும் மகள் ஷீபாவின் பீஸ், அவருடைய மருந்து. என் சம்பளம் போதவில்லை. அதனால்தான் அவர் போகிறேன் என்கிறார். என் சம்பளம் ஏன் போதவில்லை என்று கேளுங்கள். அது என் முட்டாள்தனம். அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

என் அப்பா அலிப்பூரில் ஒரு மத்திய அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்து, இங்கேயே ரிட்டயர் ஆனவர். எங்கள் குவார்ட்டர்ஸில் சம்பளம் என்றால் ஸ்கேல். கீழே ஒரு எண், மேலே ஒரு எண், நடுவில் வருடா வருடம் ஏறும் தொகை. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் கீழே உள்ள எண்ணில்தான் சேருவார்கள். ஒரு வருடம் முடிந்தால் ஒரு படி ஏறும். யாரும் கேட்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். சூரியன் உதிப்பது மாதிரி அது தானாக நடக்கும். அங்கே வளர்ந்த எங்களுக்கு இன்னொரு விதமாகச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதே தெரியாது.

1997-ல் டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோ வேலைக்கு விளம்பரம் வந்தது. சம்பளம் மூவாயிரம் முதல் நாலாயிரத்து ஐந்நூறு வரை என்று போட்டிருந்தது. நான் அதை என்னவென்று படித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். மூவாயிரத்தில் ஆரம்பித்து நாலாயிரத்து ஐந்நூறில் போய் நிற்கும் ஸ்கேல் என்று படித்தேன். முதலாளி லாஹிரி சார், "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் ரொம்ப மரியாதையாக, "ஆரம்பத்தில் உள்ளதுதான் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மூவாயிரம் என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது சிரித்த சிரிப்பு எனக்கு அன்று நல்ல சிரிப்பாகத் தெரிந்தது.

ஒரு வருடம் முடிந்த அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "சார், இன்றோடு ஒரு வருடம் முடிந்தது" என்றேன். "அப்படியா! வாழ்த்துகள்!" என்று சொல்லிவிட்டு, பியூனை அனுப்பி சந்தேஷ் வாங்கிவரச் சொன்னார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். இன்கிரிமென்ட் கேட்கப் போனவள் இனிப்பைத் தின்றுவிட்டு வந்தேன். இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தே விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாலு வருடத்தில் பூஜை சமயத்தில் இருநூறு, இருநூறாக மூன்று தடவை ஏற்றினார். மூவாயிரத்து அறுநூறு ஆயிற்று. 2000-ல் மௌஷுமி என்று ஒரு பெண் என் பக்கத்து மேசைக்கு வந்தாள். காலேஜ் முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவள். அவளுடைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரை லாஹிரி சார் எனக்குத்தான் டிக்டேட் பண்ணினார். நான்தான் டைப் அடித்தேன். சம்பளம் என்று வரும் வரியில் நாலாயிரத்து இருநூறு என்று சொன்னார். என் விரல் நின்றுவிட்டது. அவர் "என்ன, பேப்பர் மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். அது பொய்.

மௌஷுமியிடம் பிறகு மெதுவாகக் கேட்டேன். எப்படியம்மா உனக்கு இவ்வளவு கொடுத்தார்கள் என்று. அவள் கண்ணை அகலமாக விரித்து, "கேட்டேன் தீதி" என்றாள். அவ்வளவுதான். இரண்டே வார்த்தை, அதில் ஒன்று அக்கா.

இந்த நாலு வருடமும் நான் ஜெபிக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். விடிகாலை எழுந்து முழங்காலில் நின்று, "ஆண்டவரே, லாஹிரி சாருடைய மனதைத் தொடும்" என்று நாள் தவறாமல் ஜெபித்தேன். அவர் மனதை ஆண்டவர் தொட்டதாகத் தெரியவில்லை. நம் ஜெபக்குழுவிலும் சொன்னேன். குழுவை நடத்தும் கிரேஸ் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயா, இருக்கதுல திருப்தியா இரு. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார்கள். அக்காவுடைய கணவர் துறைமுகத்தில் பெரிய ஆபீசர். குவார்ட்டர்ஸ், கார், தொலைபேசி எல்லாம் உண்டு. திருப்தியாக இருப்பதற்கு வேண்டிய சாமான்கள் அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கின்றன என்று மனதுக்குள் நினைத்தேன். பாவம்தான். நினைத்ததை நினைத்தேன் என்றுதானே சொல்லமுடியும்.

பாஸ்போர்ட் மேசைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். அலிப்பூரில் ஒரு தேயிலைக் கம்பெனி. ஆபீஸ் செக்ரட்டரி வேண்டும். இங்கிலீஷ், வங்காளம் தெரியவேண்டும்; தமிழ் தெரிந்தால் நல்லது. குன்னூரில் அவர்களுக்கு ஒரு கிடங்கு இருந்ததால் தமிழ் கேட்டார்கள். சம்பளம் ஐயாயிரம் முதல் எட்டாயிரம் வரை.

சாமுவேலிடம் காட்டினேன். அவர் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏழாயிரம் வந்துச்சுன்னா வீட்டுச் செலவு ஓடிரும். நான் போகாண்டாம்" என்றார். பிறகு தானே, "ஐயாயிரம்தான் குடுப்பான். அதுக்கு நான் போறதே மேலு" என்று பேப்பரை மடித்துவிட்டார். ஆக ஐயாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் என் கணவருடைய மூச்சு நின்றுகொண்டிருந்தது.

விண்ணப்பம் போட்டேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். சென் மேடம் என்பவர்தான் நிர்வாகம் முழுவதையும் பார்ப்பவர். நறுக்கென்று பேசுவார், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. டிக்டேஷன் கொடுத்தார், கடிதம் எழுதச் சொன்னார். எல்லாம் திருப்தி. "சம்பளத்தைப் பற்றி வியாழக்கிழமை பேசலாம். உங்கள் எதிர்பார்ப்பை யோசித்து வாருங்கள்" என்று அனுப்பினார். ஐந்து நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஷீபாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். நீ மேடமாக இருந்து என்னைக் கேள், நான் பதில் சொல்லிப் பழகுகிறேன் என்றேன். அவள் அப்பாவுடைய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, "கோதோ சான்?" என்று கேட்டாள். எவ்வளவு வேண்டும் என்று அர்த்தம். நான் நின்றேன். வாயைத் திறந்தேன். ஏழாயிரம் என்ற ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. நான் பெற்று வளர்த்த பெண், பதினாலு வயது, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

"மா, சொல்லேன்! நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"நீ கேக்குற விதம் சரியில்லட்டி" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"கேக்குறதுல என்ன விதம்? நீ சொல்லணும், அவ்ளோதான்! துமி ஏக்தோம் பாகோல், மா!" என்று என்னைச் சுத்தப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

சனிக்கிழமை ஜெபக்குழு கிரேஸ் அக்கா வீட்டில். ஏழு பெண்கள் இருந்தோம். நிலைமையைச் சொன்னேன். சாமுவேல் துபாய் போகக்கூடாது, அதற்கு எனக்கு ஏழாயிரம் கிடைக்கவேண்டும், அந்தத் தொகையைச் சொல்லியே ஜெபியுங்கள் என்று கேட்டேன். உடனே பெரிய விவாதம். ஆண்டவரிடம் தொகை சொல்லலாமா? அவருக்குத் தெரியாதா? கூட்டிக்கேட்டால் பேராசை ஆகாதா? ஒரு சகோதரி, "ஐயாயிரத்துல ஆரம்பிச்சா என்ன, ஆண்டவரு ஏத்தித் தருவாரு" என்றார். இவரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்தான். நாங்கள் எல்லோருமே ஒரே அச்சு. ஒருத்திக்கும் மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் கிரேஸ் அக்கா ஜெபித்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். "அன்புள்ள ஆண்டவரே, உம்முடைய பிள்ளைக்கு அதிகம் வேண்டாம். உமக்குச் சித்தமானதை, போதுமானதை, நீரே பார்த்து..." என்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதிகம் வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? எனக்குள் என்னமோ வெடித்தது.

"ஏழாயிரம், ஆண்டவரே! ஏழாயிரம்!" என்று கத்திவிட்டேன்.

ஏழு பேரும் கண்ணைத் திறந்தோம். மாடியில் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. கிரேஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, அவருக்கு மூச்சு நின்னு போயிரும்க்கா. எனக்கு அவரு வேணும்க்கா" என்றேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் கண்ணை மூடி, ரொம்பச் சின்னக் குரலில், "ஏழாயிரம் ஆண்டவரே" என்றார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பேராசை என்று சொன்ன சகோதரிகூடச் சொன்னார்.

திரும்பிவரும் மினிபஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அன்றுதான் முதல் முறையாக அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. நாலு வருடமாக லாஹிரி சாரிடம் பேசும்படி ஆண்டவரை அனுப்பிக்கொண்டே இருந்தேனே தவிர, நான் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரை என் பியூனாக வைத்திருந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதால் மட்டும் நாக்கு எழுந்துவிடுமா? புதன்கிழமை சாயங்காலம்வரை அது எழவில்லை.

வியாழக்கிழமை. அந்த ஏஜென்ட் வெள்ளிக்கிழமை காலை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமுவேலுக்குக் காலையிலிருந்தே இழுப்பு. கட்டிலில் உட்கார்ந்தபடி, "தைரியமாப் போயிட்டு வா" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

சென் மேடம் எதிரே உட்கார்ந்தேன். எங்கள் பேச்சு வங்காளமும் இங்கிலீஷுமாக நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"சொல்லுங்கள் மிஸஸ் சாமுவேல், என்ன எதிர்பார்க்கிறீர்கள்?"

சகோதர சகோதரிகளே, இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் நம் சபைப் பத்திரிகையைக் கிழித்து எறிவீர்கள். ஏழு பெண்கள் ஜெபித்து, மகள் பயிற்சி கொடுத்து, வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆரம்பத்தில் உள்ளதுதான் மேடம்."

அதுவாக வந்துவிட்டது. என் அப்பாவின் குரல்தான் வந்தது என்று நினைக்கிறேன். மேடம் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். என் பெயர் இருந்த தாளை முன்னால் இழுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே, "ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே, நிறுத்தும்" என்று உள்ளுக்குள் அலறினேன். அதைவிட நீளமாக ஜெபிக்க நேரம் இல்லை.

போன் அடித்தது.

மேடம் பேனாவை வைத்துவிட்டு எடுத்தார். இரண்டு நொடியில் முகம் சுளித்தது. "ஸ்லோலி, ஸ்லோலி... வாட்? வாட் நன்ஞ்சி?" என்று கத்தினார். மூன்று நாளாக இந்த ஆள் இப்படித்தான் கூப்பிடுகிறான், ஒரு வார்த்தை புரியவில்லை என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "குன்னூர். தமிழ். நீங்கள் பேசுங்கள்" என்று ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார்.

"ஹலோ, சொல்லுங்கண்ணே" என்றேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, "யம்மா! தமிழ்ல பேசறீங்களா? சாமி, நல்லா இருப்பீங்க! மூணு நாளா நாயாக் கத்தறேனுங்க" என்று ஆரம்பித்தார். கிடங்கில் இருப்பவர். பதினாலாம் நம்பர் தேயிலை லாட்டை லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லிக் கல்கத்தாவிலிருந்து பேக்ஸ் வந்திருக்கிறது. அதில் நாலு மூட்டை மழையில் நனைந்துவிட்டது. நனைந்ததையும் சேர்த்து அனுப்பவா, விட்டுவிட்டு அனுப்பவா? அவ்வளவுதான் கேள்வி. லாரிக்காரன் அன்று மத்தியானத்துக்கு மேல் நிற்கமாட்டேன் என்கிறான்.

மேடத்திடம் சொன்னேன். அவர் பதறிப்போய், நனைந்ததைத் தொடவே வேண்டாம், மற்றதை உடனே ஏற்றச் சொல்லுங்கள், அந்த நாலையும் தனியாக வைத்து எடை எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். நான் ஒவ்வொன்றாக அண்ணனிடம் சொன்னேன். அவர் திரும்பச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நனைந்த மூட்டை மற்ற மூட்டைகளோடு சேர்ந்து வந்திருந்தால் மொத்தச் சரக்கும் வாடை பிடித்திருக்கும் என்று மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பேனாவை எடுத்தார். "சரி, ஐயாயிரம் என்றீர்கள்..."

"இல்லை மேடம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "அதை எழுதாதீர்கள். நான் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். எனக்கு ஏழாயிரம் வேண்டும்."

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பத்து நிமிடத்துக்கு முன்னால் ஐயாயிரம். இப்போது ஏழாயிரமா?"

"பத்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னது தப்பு மேடம்."

"ஆறாயிரம் தருகிறேன். முதல் வருடத்துக்கு இது நல்ல சம்பளம்."

இங்கேதான் எனக்குப் பெரிய சோதனை. என் கணவர் நிலைமையைச் சொல்லி அழுதுவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. லாஹிரி சாரிடம் நாலு வருடம் அதைத்தான் செய்தேன். வாடகை ஏறிவிட்டது சார், பீஸ் கட்டவேண்டும் சார் என்பேன். அவரும் "ஐயோ பாவம்" என்பார், ரொம்ப உண்மையாகவே வருத்தப்படுவார், அத்தோடு சரி. அதனால் அதை விழுங்கிவிட்டு, "மேடம், மூன்று மொழியில் கடிதம் எழுதுவேன், பேசுவேன். டிக்டேஷன் வேகம் நீங்களே பார்த்தீர்கள். குன்னூர்க்காரர் இனி மூன்று நாள் கத்தவேண்டியதில்லை. ஏழாயிரம் மேடம்" என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஆறாயிரத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டேன்.

மேடம் பேனாவை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "விளம்பரத்தில் ஐயாயிரம் என்று போடுவது எதற்குத் தெரியுமா? அதைக் கேட்பவர்களுக்கு அதைக் கொடுப்பதற்கு" என்றார். பிறகு எழுதினார். "ஏழாயிரம். சனிக்கிழமையும் முழு நாள் வரவேண்டும்."

ஒரு தடவை கேட்கப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "சனிக்கிழமை இரண்டு மணிவரைதான் முடியும் மேடம். ஜெபக்கூட்டம் இருக்கிறது" என்றேன். மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒன்றே ஒன்று சொல்லுங்கள், முதலில் ஐயாயிரம் கேட்டவர் எங்கே போனார்?" என்றார். இரண்டு மணி என்றும் சேர்த்து எழுதிக்கொண்டார். கடிதம் அப்போதே கையெழுத்தாகிக் கைக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சாமுவேல் அதே கட்டிலில்தான் இருந்தார். இழுப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தொழிற்சாலை கேட்டைப் பூட்டியபோதுகூட அழவில்லை.

"என்னங்க? இப்ப எதுக்கு அழுதிய?"

"எனக்குப் பயமா இருந்துச்சு ஜெயா" என்றார். "அங்க போய்ச் செத்துருவேன்னு பயமா இருந்துச்சு. என்னைப் போகவிடாதேயும்னு தினமும் ஜெபம் பண்ணிக்கிட்டுதான் கெடந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீயும் போகாதீயன்னு சொல்லலியே, ஜெயா. ஒரு தடவையாவது சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உனக்கு நான் போறதுதான் நல்லதுன்னு படுதுபோலன்னு நெனச்சேன்."

எனக்கு ஆறவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே ஆண்டவரிடம் இரண்டு பேரும் ஒரே காரியத்தைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். முதலாளியிடம்தான் கேட்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். என் புருஷனிடமும் நான் கேட்கவில்லை. அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட வந்தது. அவரைத் திட்டிக்கொண்டே, அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, "போகாதீய" என்றேன். ஆகஸ்ட் மாதமே சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது. மறுநாள் காலையில் ஏஜென்ட் வந்தபோது சாமுவேலே வாசலில் நின்று, வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இது நடந்து ஐந்து வருடமாகிறது. அடுத்த வருடமே அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மராமத்து மேற்பார்வை வேலை கிடைத்தது. புகை இல்லாத வேலை. அந்தப் போனை அந்த நொடியில் அடிக்கவைத்தவர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கிடங்குக்காரர் மூன்று நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நாலாவது நாள் கூப்பிட்டதில் என்ன அதிசயம் என்று ஷீபா கேட்கிறாள். பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் கூப்பிட்டாரே, அதுதான் அதிசயம் என்று சொல்லிவிட்டேன். கிரேஸ் அக்கா தன் மருமகளுக்கு ஏற்ற ஒரு வேலை விளம்பரத்தைப் போன மாதம் என்னிடம் கொண்டுவந்து, "ஜெயா, இதுல எவ்வளவு கேக்கலாம்?" என்றார்கள். என் காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். ஆனால் அவரிடம் பூசி மெழுகிப் பேசாதீர்கள். வேண்டியதை வேண்டியபடியே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், நான் கத்திப் பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்லிவிட்டு முழங்காலிலிருந்து எழுந்ததும், யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடமும் போய்க் கேளுங்கள். வாய் குழறினால் குழறட்டும். நான் குழறிய இடத்தில் அவர் வந்து நின்றார், உங்களுக்கும் வருவார்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சாமுவேல் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். மருந்தைக் குடியுங்கள் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று, கேட்டால்தானே! இந்த மனிதரோடு எனக்கு அலுத்துப்போகிறது. ஆனாலும் அந்த இருமல் துபாயில் கேட்கவில்லை, என் வீட்டில் கேட்கிறது. ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.